தறி ஓடினால் ஊசி துள்ளும்! சின்ன வீட்டில் இசைத்தட்டு கேட்பவர்கள் கவனத்துக்கு

சங்கரன்கோவில்:-

பரணில் கிடந்த இசைத்தட்டுப் பெட்டியை இறக்கியாச்சு. ஸ்டீரியோவைப் புதுப்பிக்க ஆசை. வீடோ பத்துக்குப் பத்து அடி! என்ன செய்வது?

எடுத்த எடுப்பில் பெரிய ஸ்பீக்கர் வாங்கிவிடுகிறார்கள் பலர். அங்கேதான் கோளாறு. சின்ன அறையின் மூலையில் அதைத் தள்ளினால் 'தும் தும்' என்று உறுமும், பாட்டு கேட்காது. (ஆடித்தபசு சமயம் தெருவில் குழாய் கட்டிவிட்டால் எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. அது வேறு கதை!)

முதலில் ஊசியைக் கவனியுங்கள். தேய்ந்த ஊசி உளி மாதிரி, தட்டின் பள்ளத்தைச் செதுக்கிவிடும். போனது போனதுதான். 1978-ல் ஸ்டீரியோவில் வந்த 'ப்ரியா' தட்டை அப்படிக் கெடுத்துவிட்டு அப்புறம் எங்கே தேடுவது? காந்தக் கார்ட்ரிட்ஜ் மாட்டினால் ஆம்பிளிபயரில் 'போனோ' இணைப்பு வேண்டும். இல்லையென்றால் தனியாக ஒரு பிரீ-ஆம்ப். இரண்டும் இல்லாவிட்டால் கிணற்றுக்குள் பாடுவது போலத்தான்!

விசைத்தறி ஊரில் இன்னொரு தொல்லை. பக்கத்துத் தறி ஓடினால் தரை அதிரும், ஊசி துள்ளும். பிளேயரைச் சுவர்ப் பலகையில் ஏற்றுங்கள். தறிக்கூடத்துப் பொதுச்சுவர் மட்டும் வேண்டாம். ஸ்பீக்கரையும் அதே பலகையில் வைக்காதீர்கள். பஞ்சுத் தூசி ஊசியில் சுற்றும். தட்டு மாற்றும்போதெல்லாம் மெல்லிய பிரஷால் பின்னிருந்து முன்னாகத் துடையுங்கள்.

தட்டுகளைப் புத்தகம் போல நிமிர்த்தி அடுக்குங்கள். தகரக்கூரைப் பரணில் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் அப்பளமாக நெளிந்துவிடும்!