விரலால் இழுத்து வரிசை மாற்றலாம்: மொபைல் பட்டியலில் அமைப்பது எப்படி?

கம்ப்யூட்டரில் ஒரு பைலை மவுஸால் பிடித்து இழுத்து, வேறொரு போல்டரில் விடுவது நமக்குப் பழகிப் போன ஒன்று. இதே வேலையை மொபைல் திரையில் விரல் செய்கிறது. பாடல்கள், மளிகைச் சாமான்கள், செய்ய வேண்டிய வேலைகள் என எந்தப் பட்டியலிலும் ஒரு வரியை அழுத்திப் பிடித்து, வேண்டிய இடத்திற்கு நகர்த்தலாம். ஆண்ட்ராய்ட் அப்ளிகேஷன் எழுதப் பழகுபவர்கள் இதனை எப்படி அமைப்பது, எங்கே தவறு நேரும் எனப் பார்க்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிச் செல்லும் வேன் ஒன்றுக்கு, இறக்க வேண்டிய ஊர்களின் பட்டியல் இது: புதுச்சத்திரம், ஆண்டகளூர் கேட், ராசிபுரம், மல்லூர், சேலம். டிரைவர், ராசிபுரத்தைத் திரும்பி வரும்போது பார்த்துக் கொள்ளலாம் என முடிவு செய்து, அந்த வரியை இழுத்துக் கடைசியில் விடுகிறார். முட்டை அட்டைகளை ஏற்றுவது இந்த வரிசைக்கு நேர் எதிராகத்தான். கடைசியில் இறக்குவது வேனின் உள்பக்கம் முதலில் செல்ல வேண்டும். வரிசை தவறினால் பாதி வழியில் எல்லா அட்டைகளையும் கீழே இறக்கித்தான் தேட வேண்டியதிருக்கும்.

எந்த வசதி உதவும்?

ஆண்ட்ராய்டில் பட்டியலைக் காட்டப் பயன்படுவது ரீசைக்ளர்வியூ. இதனுடன் இணைந்து செயல்படும் ஐட்டம்டச்ஹெல்பர் என்ற கிளாஸ் 2015ல் தரப்பட்டது. விரலின் அசைவைக் கவனிப்பது, வரியைத் தூக்கிக் காட்டுவது, திரையின் ஓரம் வந்தால் பட்டியலைத் தானாக நகர்த்துவது ஆகியவற்றை இதுவே பார்த்துக் கொள்ளும். நாம் எழுத வேண்டியவை மூன்று.

1. எந்தத் திசையில் நகரலாம் எனக் கூற வேண்டும். மேல், கீழ் இரண்டும் போதும். பக்கவாட்டில் தள்ளுவதற்கு 0 கொடுத்துவிடுங்கள். இல்லையெனில் வரி தவறுதலாக நீக்கப்படலாம்.

2. ஆன்மூவ் பங்ஷனில் டேட்டாவை நகர்த்தி, நோட்டிஃபைஐட்டம்மூவ்ட் மூலம் திரைக்கு அறிவிக்க வேண்டும்.

3. விரலை எடுத்தவுடன் இயங்கும் கிளியர்வியூ பங்ஷனில், புதிய வரிசையை டேட்டாபேஸில் சேமிக்க வேண்டும். ஒவ்வொரு அசைவிற்கும் சேமித்தால் அப்ளிகேஷன் திணறும்.

தவறு நேரும் இடம்

ஆன்மூவ் பங்ஷனில் பலரும் எழுதுவது கலெக்‌ஷன்ஸ்.ஸ்வாப். இது இரண்டு வரிகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்றும். மெதுவாக இழுத்தால் ஒவ்வொரு படியாக மாறி, சரியாகவே முடியும். வேகமாக இழுக்கும்போது ஒரு வரியைத் தாண்டிய நிலையில் ஆன்மூவ் அழைக்கப்படலாம். அப்போது ராசிபுரமும் சேலமும் நேரடியாக இடம் மாறும். டேட்டாவில் மல்லூருக்கு முன்னால் சேலம் வந்துவிடும். ஆனால் திரையில் மல்லூர், சேலம், ராசிபுரம் எனச் சரியாகவே தெரியும். ஏனெனில் திரைக்கு நாம் சொன்னது "இடம் மாற்று" என்பதல்ல, "நகர்த்து" என்பதுதான். அப்ளிகேஷனை மூடித் திறந்த பின்னரே குளறுபடி தெரிய வரும்.

இதற்குத் தீர்வு எளிது. வரியைப் பழைய இடத்திலிருந்து நீக்கி, புதிய இடத்தில் செருகுங்கள். எண்கள் 0ல் தொடங்குவதால் ராசிபுரம் 2, சேலம் 4. இரண்டாம் எண்ணில் உள்ளதை நீக்கி, நான்காம் எண்ணில் செருகினால் போதும். நீக்கியதற்காக 1 கழிக்கத் தேவையில்லை.

சேமிக்கும் முறை

டேட்டாபேஸில் ஒவ்வொரு ஊருக்கும் மாறாத அடையாள எண் ஒன்றும், வரிசை எண் தனியாகவும் இருக்க வேண்டும். எத்தனை அட்டைகள் என்ற கணக்கை அடையாள எண்ணுடன் இணையுங்கள். வரிசை எண்ணுடன் இணைத்தால், இழுத்தவுடன் ராசிபுரத்துக் கணக்கு வேறு ஊருக்குப் போய்விடும். சிறிய பட்டியலில் எல்லா வரிசை எண்களையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுதிவிடலாம். பெரிய பட்டியலுக்கு, பழைய பேசிக் மொழியின் வரி எண்களைப் போல 10, 20, 30 என இடைவெளி விட்டு வையுங்கள். நடுவில் ஒன்றைச் செருக, அதற்கு மட்டும் 25 எனக் கொடுத்தால் போதும்.

இன்னும் இரண்டு குறிப்புகள். அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. எனவே வரியின் ஓரத்தில் பிடி போன்ற ஐகான் ஒன்றை வைத்து, அதைத் தொட்டவுடன் ஸ்டார்ட்டிராக் இயங்கும்படி அமைக்கலாம். பார்வையற்றோர் டாக்பேக் வசதியுடன் பயன்படுத்தும்போது இழுப்பது கடினம். அவர்களுக்காக "மேலே நகர்த்து", "கீழே நகர்த்து" என்ற கட்டளைகளையும் சேர்த்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை. கடைசி வரியை வேகமாக முதலிடத்திற்கு இழுத்து விடுங்கள். அப்ளிகேஷனை முழுவதுமாக மூடி மீண்டும் திறந்து பாருங்கள். நீங்கள் விட்ட வரிசை அப்படியே இருந்தால், அதனை நம்பி வேனில் முட்டை ஏற்றலாம்.