நட்சத்திரத்தின் உடையும் நெசவாளரின் துணியும்

சென்னிமலைத் தறியில் பிறக்கும் படுக்கை விரிப்புக்கும், அமெரிக்காவில் ஹாலிவுட் நடிகையர் அணிந்த உடைக்கும் யாது தொடர்பு என்று அங்கத்தினர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. வெள்ளித்திரையில் கண்ட உடையைக் காகிதத்தில் அடக்கிக் குடும்பப் பெண்களின் கையில் கொடுத்த ஒரு தொழில் அந்நாட்டில் இருந்தது. துணி நெய்வோரும் பருத்தி விளைவிப்போரும் அதன் வரலாற்றிலிருந்து அறிய வேண்டியவை பல.

திரைப்படத்தைக் கண்டு உடையை விரும்புதல் நமக்கும் புதிதன்று. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் படங்களை எடுத்து வந்த காலத்திலேயே, நடிகை அணிந்த ரவிக்கையின் கையைப் போலத் தமக்கும் வேண்டும் எனப் பெண்கள் தையற்காரரிடம் கேட்டதுண்டு. நம்மவர் கொடுப்பது ஓர் அளவு ரவிக்கை. மற்றவை யாவும் தையற்காரரின் கண்ணிலும் கத்திரியிலும் உள்ளன. அமெரிக்கப் பெண்ணுக்கோ அந்தத் தையற்காரரின் இடத்தில் ஒரு காகித உறை இருந்தது.

அந்த உறைக்கு வழிவகுத்தவர் எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1863ஆம் ஆண்டில், பல அளவுகளில் வெட்டிய காகித வடிவங்களை அவர் விற்கத் தொடங்கினார். தாளைத் துணியின்மேல் வைத்து, அதன் ஓரத்தை ஒட்டி வெட்டித் தைத்தால் சட்டை உருவாகும். முற்காலத்துத் தாள்கள் பலவற்றில் எழுத்தே இராது; துளைகளே குறிகளாகும்.

பேசும் படம் பரவியபின் இத்தொழிலுக்குப் புதிய வேகம் பிறந்தது. 1932ஆம் ஆண்டில், வோக் வடிவத்தாள்களை வெளியிட்டு வந்த கான்டே நாஸ்ட் நிறுவனம் 'ஹாலிவுட் பேட்டர்ன்' என்ற பெயரில் மலிவான வரிசையொன்றைத் தொடங்கியது. ஓர் உறையின் விலை 15 சென்ட். அதன் முகப்பில் ஒரு நட்சத்திரத்தின் புகைப்படம் இருக்கும். படத்தில் அந்நடிகை அணிந்த அதே உடைதான் உள்ளே இருக்கும் என்று எப்போதும் கொள்வதற்கில்லை. ஆயினும் அப்புகைப்படமே உறையை விற்றது.

அதே 1932இல் 'லெட்டி லிண்டன்' என்ற படத்தில் ஜோன் கிராஃபோர்டு, தோளில் அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்த பெரிய கைகளையுடைய வெள்ளை உடையொன்றை அணிந்தார். அதை வகுத்தவர் ஏட்ரியன் என்னும் கலைஞர். விரைவிலேயே அதைப் பார்த்துச் செய்த உடைகள் நியூயார்க் நகரின் மேசீஸ் கடையில் விற்பனைக்கு வந்தன.

மறுவருடம் 'டின்னர் அட் எய்ட்' படத்தில் ஜீன் ஹார்லோ அணிந்த வெள்ளைச் சாட்டின் உடையும் ஏட்ரியனின் கைவண்ணமே. அதன் நயம் நெசவாளருக்கே எளிதில் விளங்கும். நாம் நெய்த விரிப்பு ஒன்றைப் பாவின் நீளத்தில் இழுத்துப் பாருங்கள், துணி கொடுக்காது. ஊடையின் போக்கில் இழுத்தாலும் அவ்வாறே. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தாலோ துணி நெகிழ்ந்து நீளும். பாவுக்கு 45 பாகைச் சாய்வில் வெட்டுவதை நம் தையற்காரர்கள் 'கிராஸ்' என்பர். அவ்வாறு வெட்டிய துணி உடலைத் தழுவி விழும். பிரெஞ்சு நாட்டு மேடலின் வியோனே 1920களில் பிரபலமாக்கிய முறை இது. ஆனால் இதற்குத் துணி மிகுதியாகச் செலவாகும்; குறுகிய அகலத்துத் துணியில் ஒட்டும் வேண்டியிருக்கும். போர்க்காலத்தில், 1942இல், அமெரிக்க அரசு பெண்கள் உடைக்குச் செலவாகும் துணிக்கே வரம்பு விதித்தது.

இனி நமக்கு முக்கியமானது உறையின் பின்புறம். இந்த அளவு உடலுக்கு, இத்தனை அங்குல அகலமுள்ள துணியானால் இத்தனை கெஜம். அகலம் கூடினால் இத்தனை கெஜம் போதும் என்று அதில் அட்டவணை இருக்கும். எவ்வகைத் துணி பொருந்தும் என்பதும் இருக்கும். உள்ளே உள்ள தாளில் பாவின் திசை எது என்று காட்டும் குறியும் உண்டு. நட்சத்திரத்தின் முகம் வாங்கத் தூண்டியது. பின்புறத்து அட்டவணையே துணியை வீணாக்காமல் காத்தது.

இத்தகைய குறிப்பு இல்லாவிடில் நேர்வது யாது? நம் சென்னைக் கட்டம்போட்ட துணியே சான்று. 1958ஆம் ஆண்டில் நியூயார்க் வியாபாரி ஒருவர் அதைப் பெருமளவில் வாங்கிச் சென்றார். குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்ற எச்சரிக்கை, உடையை வாங்கியவர்களைச் சென்றடையவில்லை. துவைத்ததும் சாயம் இறங்கியது; புகார்கள் குவிந்தன. பின்னர் அக்குணத்தையே பெருமையாக விளம்பரம் செய்து அத்துணியை மீட்டனர். நெசவில் பிழை இல்லை. ஒரு வரிக் குறிப்பு உரிய இடத்தில் இல்லாமையே பிழை.

இன்றும் அப்பழைய உறைகளைத் தேடிச் சேகரிப்போரும், அவற்றை வைத்துப் புதிதாகத் தைத்து அணிவோரும் பல நாடுகளில் உள்ளனர். அவர்களுக்குத் தாள் கிடைக்கிறது. தாளுக்கு ஏற்ற நல்ல பருத்தித் துணியே தேவை. நம் ஊரில் எம். பி. நாச்சிமுத்து அவர்கள் வளர்த்த கூட்டுறவு, தனி நெசவாளர் எட்ட முடியாத சந்தையை எட்டிக் காட்டியது. படுக்கை விரிப்பைக் கைத்தறிக்கு ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் நமக்கு உண்டு. எனினும் சட்டம் போட்டியைத் தடுக்கலாமேயன்றி, வாங்குபவரைக் கடைக்கு அழைத்து வராது.

ஆதலின், விரிப்புடன் கெஜத்துணியும் நெய்யும் சங்கங்கள் ஒவ்வொரு துண்டோடும் ஒரு சிறு அட்டை சேர்க்கட்டும். அகலம், நூலின் நம்பர், துவைத்தால் எவ்வளவு சுருங்கும், எப்படி அலச வேண்டும், ஒரு ரவிக்கைக்கும் ஒரு சட்டைக்கும் எத்தனை மீட்டர் போதும் என்னும் ஐந்து செய்திகள் அதில் போதும். செலவு சொற்பம். நட்சத்திரத்தின் முகம் நம்மிடம் இல்லை. துணியைப் பற்றிய மெய்யான சொல் நம்மிடம் உண்டு. அதை அச்சிட்டுக் கொடுப்போமாக.