அடி தெரியாத தண்ணீர்

அமெரிக்காவின் வர்ஜீனியா கடலோரத்தில் அசட்டீக் என்று ஒடுங்கி நீண்ட ஒரு தீவு இருக்கிறது. அங்கே கட்டற்றுத் திரியும் மட்டக்குதிரைகளை ஆண்டுதோறும் ஜூலை மாதத்துக் கடைசிப் புதன்கிழமை பக்கத்துச் சிங்கோட்டீக் தீவுக்கு நீந்தவிடுவார்கள். ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு நிதி சேர்க்க 1925இல் தொடங்கிய வழக்கம் அது. ஓதத்தின் இழுப்பு ஓய்ந்திருக்கும் சில நிமிடங்களைப் பார்த்து, குதிரையேறிய ஆட்கள் மந்தையைக் கால்வாய்க்குள் இறக்குகிறார்கள். அந்த வசந்தத்தில் பிறந்த குட்டிகள் தாயின் விலாவை ஒட்டியபடி, மூக்கை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு அக்கரை சேர்கின்றன. நீந்த அவற்றுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

இனி வேறொரு குதிரையைப் பாருங்கள். லாயத்தில் வளர்ந்தது, மூன்று வயது, முதல்முறையாக வெளியே சவாரிக்கு வந்திருக்கிறது. வழியில் கணுக்கால் அளவுகூட ஆழமில்லாத ஒரு ஓடை. குதிரை நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடுகிறது. காதுகள் முன்னே விறைக்கின்றன, மூக்கிலிருந்து சீறல் வருகிறது, பின்னங்கால்கள் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்குகின்றன. காலையில்தான் தொட்டித் தண்ணீரை நிம்மதியாகக் குடித்திருக்கும். மேலே இருப்பவர் இதைப் பிடிவாதம் என்கிறார், சவுக்கை எடுக்கிறார்.

பிடிவாதம் அல்ல. நீந்தும் திறன் அதன் உடம்பிலேயே இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் தரை இருக்கிறதா, அது தன்னைத் தாங்குமா என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. ஓடித் தப்பித்தே பிழைத்துவந்த விலங்குக்கு நான்கு கால்கள்தான் உயிர். ஒரு கால் சேற்றில் புதைந்தாலும் கதை முடிந்துவிடலாம். காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் அடியெடுக்க அது மறுப்பது முழுக்க நியாயமானது.

அதன் கண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டால் இந்த நியாயம் இன்னும் விளங்கும். தரைவாழ் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்களுள் குதிரையுடையதும் ஒன்று. தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய 350 பாகை வரை அதனால் பார்க்க முடியும். பின்னாலிருந்து வரும் வேட்டை விலங்கைக் கண்டுகொள்ள ஏற்ற அமைப்பு. ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பகுதி, அதாவது தூரமும் ஆழமும் நன்றாகப் பிடிபடும் பகுதி, மிகக் குறுகியது. அந்தப் பகுதியும் நெற்றிக்கு நேர் முன்னால் இல்லை, மூக்கின் வழியே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஆலிசன் ஹார்மனும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் இதை விளக்கினார்கள். தூரத்தில் இருப்பதைக் கவனிக்கக் குதிரை தலையை உயர்த்துவதும், தரையைப் பார்க்கத் தலையைத் தாழ்த்துவதும் இதனால்தான். மூக்கின் நுனிக்குக் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. அந்த இடத்தை முகவாயில் நீண்டிருக்கும் உணர்முடிகளால் தடவித்தான் அறிந்துகொள்கிறது. அழகுக்காக அந்த முடிகளைக் கத்தரிக்கும் வழக்கத்தைப் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை முதல் தடைசெய்தது. நல்ல முடிவு.

தண்ணீரும் தன் பங்குக்குக் கண்ணை ஏமாற்றுகிறது. நேர் மேலிருந்து பார்த்தால் நீர்ப்பரப்பு திருப்பியனுப்பும் வெளிச்சம் வெறும் 2 சதவீதம். மீதி வெளிச்சம் உள்ளே போவதால் அடி தெரிகிறது. பரப்பை ஒட்டி 10 பாகைச் சாய்வில் பார்த்தாலோ சுமார் 35 சதவீதம் திரும்பி வந்துவிடும். குதிரையின் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறதென்று வைத்துக்கொண்டால், எட்டு ஒன்பது மீட்டர் தள்ளி நிற்கும்போது அதற்கு இதே சாய்வுதான். அங்கிருந்து அது காண்பது ஓடையை அல்ல. தரையில் கிடக்கும் ஒரு வானத்தை. அருகே வந்து, தலையைத் தண்ணீருக்கு மேல் நீட்டித் தாழ்த்தினால்தான் கூழாங்கல் கண்ணுக்குத் தட்டுப்படும். அப்போதும் ஒளி வளைவதால் ஆழம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

பயந்துபோன சவாரிக்காரர் முதலில் செய்வதோ கடிவாள வாரை இறுக்கிப் பிடிப்பது. தலை மேலே போகிறது. குதிரைக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் தரை அதன் பார்வையிலிருந்து பறிக்கப்படுகிறது. வாரைத் தளர்த்திவிடுவதே தண்ணீர்ப் பயிற்சியின் முதல் பாடம். அதுவும் குதிரைக்கு அல்ல, மனிதருக்கு.

சவுக்கைப் பற்றிக் கிரேக்க எழுத்தாளர் செனபோன் கிமு 4ஆம் நூற்றாண்டிலேயே சரியாகச் சொல்லிவிட்டார். குதிரை ஒன்றைக் கண்டு மிரளும்போது அடித்து நெருங்கவைத்தால், அந்த வலியும் அந்தப் பொருளிடமிருந்தே வந்ததாக அது எண்ணிக்கொள்ளும், பயம் இரட்டிப்பாகும் என்பது அவர் கருத்து. ஓடையருகே வாங்கிய அடியைக் குதிரை ஓடையின் கணக்கில்தான் எழுதிக்கொள்கிறது.

அடிக்காமல் பழக்கும் வழிகளிலும் வேறுபாடு உண்டு. டென்மார்க்கில் யான்னே வின்தர் கிறிஸ்டென்சனும் கூட்டாளிகளும் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு வயதுள்ள 27 இளம் ஆண்குதிரைகள், அவற்றை மிரட்ட அசையும் ஒரு வெள்ளை நைலான் பை. குதிரைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பையை முழு அளவில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இன்னொன்றுக்கு அதோடு தீனியும் சேர்த்தார்கள். மூன்றாவது குழுவுக்கு மட்டும் மிரளாத அளவிலிருந்து தொடங்கிச் சிறுகச் சிறுகக் கூட்டினார்கள். மூன்றாம் குழு மிகக் குறைவாக மிரண்டது, விரைவாகவும் கற்றது. அதில் இருந்த எல்லாக் குதிரைகளும் கடைசியில் பழகிக்கொண்டன. மற்ற இரு குழுக்களிலும் சில கடைசிவரை பழகவே இல்லை.

அந்தச் சோதனையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, பயிற்சி கொடுப்பவர்கள் அதை மறக்கக் கூடாது. குதிரை துள்ளுவதை நிறுத்திய பிறகும் இதயத் துடிப்பில் ஏற்ற இறக்கம் தொடர்ந்தது. வெளியே அமைதி, உள்ளே படபடப்பு. தண்ணீருக்குள் கல்லாக நிற்கும் குதிரை துணிந்துவிட்டது என்று நாமே முடிவுகட்டிவிட முடியாது. அது அடங்கியதாகத் தோன்றிய பின்னும் இன்னும் சில தடவை இறக்கி ஏற்றவேண்டியது இதற்காகத்தான்.

துணையின் பலமும் பெரிது. பழகிய குதிரையோடு சேர்த்துவிடப்பட்ட புதுக்குதிரையின் பயம் குறைவதைக் கிறிஸ்டென்சனும் வேறு கூட்டாளிகளும் 2008இல் காட்டினார்கள். அடுத்து, மிரளாமல் பழக்கப்பட்ட தாயோடு சேர்ந்து புதுப்பொருள்களைப் பார்த்து வளர்ந்த குட்டிகள், ஐந்து மாத வயதிலும் குறைவாகவே மிரண்டன என்று 2016இல் கிறிஸ்டென்சன் எழுதினார். அசட்டீக் குட்டிகள் கால்வாயில் இறங்கும்போது அவற்றுக்கு இருப்பதும் இந்தத் துணைதான். பின்னால் ஆட்கள் ஓட்டி வருகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அது மென்மையான பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் பக்கத்திலேயே தாய் போகிறாள்.

நல்ல பயிற்சியாளர்கள் இவற்றையெல்லாம் ஒரே காலைப்பொழுதில் கோத்துவிடுகிறார்கள். முதல் நாளுக்கு அவர்கள் தேர்வது அகலமான, மெல்லச் சரியும், கெட்டித் தரையுள்ள ஆழமற்ற நீர். குறுகிய வாய்க்கால் ஆகாது, குதிரை அதைத் தாண்டிக் குதித்துவிடும், தண்ணீரில் கால்வைக்கக் கற்றுக்கொள்ளாது. தண்ணீருக்குப் பயப்படாத ஒரு மூத்த குதிரை முன்னால் இறங்கி உள்ளே நிற்கும். இளசு எங்கே தயங்குமோ அதற்கு ஓரடி முன்பே அதை நிறுத்துகிறார்கள். வார் தளர்வாக இருக்கும், முகம் மட்டும் தண்ணீரைப் பார்த்தபடி. முகரட்டும், ஊதட்டும், மூக்கை நனைக்கட்டும். பிறகு காலால் மெல்ல ஒரு அழுத்தம். குதிரை முன்னோக்கி உடம்பைச் சாய்த்தாலே போதும், அந்தக் கணமே அழுத்தம் விலகிவிட வேண்டும். எது சரி என்பதை அதற்குச் சொல்வது அழுத்தமல்ல, அழுத்தம் விலகும் அந்தக் கணம். இரண்டு நொடி தாமதித்தால் வேறு எதையோ கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

முதல் குளம்பு அடியைத் தொடும் வினாடிக்குத்தான் இத்தனை காத்திருப்பும். குளம்பு வெறும் கொம்புக் கட்டை இல்லை. அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள் அதன் பின்பகுதியில் இருப்பதை ராபர்ட் பௌக்கரும் கூட்டாளிகளும் 1993இல் விவரித்தார்கள். கண் சொல்லாததைக் குளம்பு சொல்கிறது: இங்கே தரை இருக்கிறது. சில குதிரைகள் உடனே முன்னங்காலால் தண்ணீரை அடித்துப் பார்க்கும். தடுக்க வேண்டாம், அது கேள்வி கேட்கிறது. அடிப்பது நீண்டுகொண்டே போய் முழங்கால் மடங்கத் தொடங்கினால் மட்டும் சட்டென்று நடத்திவிட வேண்டும், இல்லையென்றால் சேணத்தோடு படுத்துப் புரண்டுவிடும்.

நான்கு காலும் உள்ளே வந்து, தலை தாழ்ந்து, மூச்சு சீரானதும் அன்றைய பாடத்தை முடித்துவிடலாம். மறுநாள் அதே இடம், பிறகு வேறு நீர்நிலை. நடையில் பழகிய பிறகுதான் பெருநடை. ஏனென்றால் வேகத்தில் நுழையும்போது தண்ணீர் முன்னங்கால்களைப் பிடித்திழுக்கும். உடம்பு முன்னே சரியும். தன் காலே எழுப்பிய தெறிப்பும் சத்தமும் முகத்தில் அறையும். இது அதற்கு இன்னொரு புதுப் பயம்.

போட்டிகளிலும் அடித்தரையும் ஆழமும் பெரிதும் முக்கியம். 1936 பெர்லின் ஒலிம்பிக்கின் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் 4ஆம் தடை ஒரு குளம். அங்கே வந்த குதிரைகளில் பாதிக்கும் மேல் விழுந்தன, அல்லது சவாரிக்காரரைக் கீழே தள்ளின. இன்றைய விதிகள் இத்தகைய தடைகளில் நீரின் ஆழம் 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கின்றன.

ஆகவே குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளமோ ஆறோ கடற்கரையோ, குதிரையை இறக்குவதற்கு முன்னால் நீங்கள் வெறுங்காலோடு இறங்கி, அது நடக்கப்போகும் பாதை முழுவதையும் மிதித்துப் பாருங்கள். மணலும் சரளையும் நல்லவை. சேறோ, கண்ணாடித் துண்டோ, திடீர்ப் பள்ளமோ தட்டுப்பட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் தேடுங்கள்.