பழைய சர்வருக்குப் புதிய கெர்னல்



கணினி படிக்கும் பிள்ளை உள்ள சில வீடுகளில் இந்தக் காட்சியைக் காணலாம். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட பழைய சர்வரைப் பிள்ளை தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்திருப்பான். விசையைத் தட்டினால் மாவு மில் போல் இரைச்சல். "இந்த இரும்புப் பெட்டி எதற்கடா?" என்று அம்மா கேட்பார். "இதற்குப் புதிய கெர்னல் தொகுக்கப் போகிறேன்" என்பான் பிள்ளை. அவன் சொல்வது என்ன, அதில் எங்கே தவறு நேரும் என்பதை இன்று பார்ப்போம்.

பல கணினிகள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கணினியே சர்வர். கெர்னல் எது? தோட்டத்து ஸ்டோரில் உரமும் மருந்துப் பம்பும் இருக்கின்றன. வேண்டியவர் தாமே உள்ளே புகுந்து எடுத்துக்கொள்வதில்லை. ஸ்டோர் கிராணியிடம் கேட்டுத்தான் பெறவேண்டும். அதுபோல, நினைவகம், வட்டு, வலை அட்டை ஆகியவற்றை மற்ற நிரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் கிராணிதான் கெர்னல்.

லினக்ஸ் என்னும் கெர்னலை 1991-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டார். அப்போது அது ஏறத்தாழ 10,000 வரி. இன்று 30 மில்லியன் வரிகளுக்கும் மேல். மனிதர் படிக்கும் அந்த வரிகளை, செயலி அறிந்த எண்களாக மாற்றும் வேலையையே தொகுத்தல் என்கிறோம். மூல வரிகளை எவரும் காசின்றிப் பெற்று மாற்றிக்கொள்ள 1992 முதல் உரிமமே இடம் கொடுக்கிறது. ஆகவே பிள்ளை செய்வது திருட்டு வேலை அன்று, பயப்படவேண்டாம்.

ஆயத்தமாகத் தொகுத்த கெர்னல் கிடைக்கும்போது தானே ஏன் தொகுக்கவேண்டும்? பெரும்பாலோர்க்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால் 2002-ஆம் ஆண்டுச் சியோன் செயலி கொண்ட சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். அது 32 பிட் இயந்திரம். டெபியன் என்னும் புகழ்பெற்ற லினக்ஸ் தொகுப்பு, 2025 ஆகஸ்டில் வந்த தன் 13-ஆம் பதிப்பில் 32 பிட் பிசிகளுக்கான கெர்னலைத் தருவதை நிறுத்திவிட்டது. மூல வரிகளிலோ அந்தச் செயலிக்கான பகுதி இன்னும் இருக்கிறது. கடையில் விற்பதை நிறுத்திவிட்டார்கள். செய்முறை கையில் இருக்கிறது. அப்படியானால் நாமே சமைக்கவேண்டியதுதானே!

முதல் வேலை, பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அறிவது. எந்த வட்டுக் கட்டுப்படுத்தி, எந்த வலை அட்டை என்பதை 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளை காட்டும். தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். ரப்பர் வெட்டும் கத்தியால் செம்பனைக் குலையை அறுக்க முடியாது. அதுபோல ஒவ்வொரு உறுப்புக்கும் அதற்கென்று ஓர் இயக்கி வேண்டும்.

அடுத்து 'மேக் மெனுகான்ஃபிக்' என்று தட்டினால் ஒரு நீண்ட பட்டியல் வரும். ஆயிரக்கணக்கான கேள்விகள். புதியவர் மிரண்டுபோவது இங்கேதான். பழைய கெர்னலின் அமைப்புக் கோப்பைப் படியெடுத்து அதிலிருந்து தொடங்கினால் பாதி மிரட்சி போய்விடும். செயலியின் இனத்தைக் கேட்கும் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். முந்தைய கெர்னல் பதிப்புகளில் 'பழைய சியோன்' என்று ஒன்றும் 'புதிய சியோன்' என்று ஒன்றும் தனித்தனி வரிகளில் இருந்தன. அத்தகைய பதிப்பில் பெயரை மட்டும் பார்த்துப் புதியதைக் குறித்துவிட்டால், இந்தச் செயலிக்குத் தெரியாத கட்டளைகள் உள்ளே நுழைந்துவிடக்கூடும்.

இனி, பலரும் விழும் குழிக்கு வருவோம். இயக்கியை கெர்னலோடு சேர்த்தே கட்டலாம். அல்லது தனித் துண்டாக வட்டில் வைத்து, வேண்டும்போது ஏற்றிக்கொள்ளலாம். வலை அட்டைக்கு இரண்டாவது வழி போதும். வட்டுக் கட்டுப்படுத்தியின் இயக்கியையும் அப்படித் துண்டாக வைத்தால் என்னவாகும்? வட்டைப் படிக்க அந்த இயக்கி வேண்டும். இயக்கியோ வட்டின் உள்ளே இருக்கிறது. ஸ்டோர் சாவியை ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டிய கதை! மூலக் கோப்பு முறையை ஏற்ற இயலவில்லை என்று அலறிவிட்டு கெர்னல் நின்றுவிடும்.

இதற்கு வழி இரண்டு. பழைய சர்வர்களில் பெரும்பாலும் ஸ்கசி வட்டுகள் இருக்கும். அவற்றின் கட்டுப்படுத்திக்குரிய இயக்கியையும், வட்டில் உள்ள கோப்பு முறைக்குரிய பகுதியையும் கெர்னலிலேயே கட்டிவிடுவது ஒன்று. மற்றொன்று, தேவையான துண்டுகளை ஒரு சிறு பொதியாகக் கட்டி, கெர்னலோடு சேர்த்து நினைவகத்தில் ஏற்றச் செய்வது. அந்தப் பொதியைத் தொடக்க நினைவக வட்டு என்பர். முதல் வழி புதியவருக்கு எளிது.

பிறகு 'மேக்' என்ற ஒரே சொல். அதன்பின் காத்திருப்பதுதான் வேலை. விரித்த மூல வரிகளுக்கே 1 கிகாபைட்டுக்கு மேல் வட்டு இடம் போகும். எல்லா இயக்கிகளையும் குறித்துவிட்டு இவ்வளவு பழைய இயந்திரத்தில் தொகுத்தால், ஒரு பகலும் ஓர் இரவும் கூட ஓடலாம். மின்கட்டணம் கட்டுபவர் அப்பா என்பதை நினைவில் கொண்டு, வேண்டாதவற்றை நீக்குவது நல்லது. 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற வழி, அந்த நேரத்தில் பயன்பாட்டில் இல்லாத துண்டுகளை எல்லாம் தானே நீக்கிவிடும். ஆனால் அப்போது செருகியிராத பென்டிரைவின் இயக்கியும் சேர்ந்து போய்விடும். முன்பே செருகி வைக்கவேண்டும். வீட்டில் வேகமான கணினி வேறு இருந்தால், 32 பிட்டுக்கென்று அதிலேயே தொகுத்து எடுத்துவரலாம்.

தொகுத்து முடிந்ததும் துண்டுகளை நிறுவி, கெர்னலை நிறுவி, தொடக்கப் பட்டியலில் சேர்க்கவேண்டும். அந்தப் பட்டியலில் பழைய கெர்னலின் பெயரும் இருக்கிறதா என்று பார்க்காமல் இயந்திரத்தை அணைக்கக்கூடாது. புதியது எழாவிட்டால் பழையதைத் தேர்ந்து உள்ளே வந்து, தவறவிட்ட இயக்கியைக் குறித்து, மறுபடி தொகுக்கலாம். மாறிய பகுதிகள் மட்டுமே மீண்டும் தொகுக்கப்படுவதால், இரண்டாம் முறை அவ்வளவு நேரம் பிடிக்காது.

புதிய கெர்னல் எழுந்தபின் 'யூநேம்' கட்டளையால் அதன் எண்ணைச் சரிபார்த்து, வலை இணைப்பு ஓடுகிறதா என்றும் பார்க்கட்டும். எல்லாம் ஓடினாலும், பழைய கெர்னலை உடனே அழித்துவிடவேண்டாம். சில நாள் கிடக்கட்டும்.