முரசு நோயும் இழையம் அழிக்கும் நொதியங்களும்

பல் தாடையில் நிலைபெறுவதற்கு முரசும், பல்வேரை எலும்போடு பிணைக்கும் நார்களும் ஆதாரமாகும். இந்நார்களின் முதன்மைக் கூறு கொலாசன் எனும் புரதம். முப்புரிக் கயிறு போன்று முறுக்குண்ட இப்புரதத்தைப் பெரும்பாலான நொதியங்கள் எளிதில் வெட்டுவதில்லை. அங்ஙனமாயின், முரசு நோயில் அது அழிவது எவ்வாறு என்பதை நாம் நோக்குதல் வேண்டும்.

பற்படலத்தில் வாழும் பற்றீரியாக்களுட் சில புரதமழிக்கும் நொதியங்களைச் சுரக்கின்றன என்பது உண்மையே. ஆயினும், அழிவின் பெரும்பகுதியை நிகழ்த்துவன உடலின் சொந்த நொதியங்களாம். 1962இல் ஜெரோம் குரொஸ், சார்ள்ஸ் லப்பியேர் ஆகிய இருவரும் உருமாறும் வாற்பேயின் வாலிலே கொலாசனை வெட்டும் நொதியத்தைக் கண்டறிந்தனர். அவ்வகை நொதியங்களே முரசிலும் தொழிற்படுகின்றன. கிருமிகளை எதிர்க்கத் திரளும் வெண்குருதிக் கலங்களிலிருந்தும் முரசின் நார்க்கலங்களிலிருந்தும் அவை வெளிப்படுகின்றன. அவற்றைக் கட்டுப்படுத்தும் புரதங்களும் உடலில் உள. பழைய நார் அழிதலும் புதியது தோன்றுதலும் சமநிலையில் நிகழ்வதே நலம். அழற்சி நீடிக்குமிடத்து அழிவு மேலோங்குகின்றது; நார் அற்று, எலும்பு தேய்ந்து, பல் ஆடுகின்றது. காக்க எழுந்த ஆற்றலே அழிக்கும் ஆற்றலாக மாறும் முரண்பாடு இது.

இவ்விடயம் நம் நாட்டோடு நேரடித் தொடர்புடையது. 1970இல் ஹரால்ட் லோவும் அவர்தம் குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளரை ஆராயத் தொடங்கினர். தூரிகை கொண்டு பல் துலக்கும் வழக்கமோ பல்மருத்துவ வசதியோ அற்றவர் அவர்கள். 1986இல் வெளியான முடிவுகளின்படி, ஏறத்தாழ 8 வீதத்தினரில் நோய் விரைந்து முற்றியது. 81 வீதத்தினரில் மிதமாக வளர்ந்தது. 11 வீதத்தினரில் முரசழற்சிக்கு அப்பாற் செல்லவில்லை. ஒரே வாழ்நிலையில் வேறுபட்ட விளைவுகள் தோன்றியமை, உடலின் எதிர்வினை ஆளுக்காள் வேறுபடுவதை உணர்த்துகின்றது.

எனினும், இதிலிருந்து நோயை உடலின் விதி எனக் கொள்வது பொருந்தாது. நொதியங்களைத் தூண்டுவது நீக்கப்படாத பற்படலம். அது நீக்கப்படாமைக்குக் காரணம் மருத்துவம் எட்டாத வாழ்க்கை. நொதியங்களை அடக்கும் மருந்தும் இன்று உண்டு: 20 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் இந்நோக்கத்திற்காக 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆயின், அது பற்சுத்திகரிப்புக்குத் துணையேயன்றி மாற்றன்று. ஆதலின், நோய் எங்ஙனம் வளர்கின்றது என்பதற்கு நொதியத்தையும், எவரிடத்து மிகுதியும் வளர்கின்றது என்பதற்குச் சமூகத்தையும் ஒருங்கே ஆராய்தல் இன்றியமையாதது. தோட்டத் தொழிலாளரின் வாயிலிருந்து உலக மருத்துவம் பெற்ற அறிவின் பயன் அவர்களையும் சென்றடைதல் வேண்டும்.