வீட்டு முற்றத்தில் ஓர் இதய மாற்று

இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு

1967-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டு ஒரு மனிதரின் இதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தி உலகையே வியப்பில் ஆழ்த்தினார். அவ்வரும்பெருஞ் செயலோடு ஒப்பிடத்தக்கது அன்று எனினும், சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு முற்றத்திலும் ஓர் இதய மாற்று நடைபெற்றது. நோயாளி, என் தந்தையாரின் அம்பாசிடர் கார். மருத்துவர்கள் மூவர்: தந்தையார், லாரிப் பட்டறையில் பணிபுரிந்த என் மாமா, ஒன்றும் அறியாத நான்.

இந்தக் காரை வாடகைக்கு ஓட்டித்தான் தந்தையார் அக்காளுக்குத் திருமணம் செய்து வைத்தார். என்னையும் கல்லூரியில் சேர்த்தார். "பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்று பலர் கூறியபோது அவர் மறுமொழி ஏதும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு அவர் சரியாக உண்ணவில்லை.

ஏன் மாற்ற வேண்டும்?

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாசிடரில் பலவகை எஞ்சின்கள் பொருத்தப்பட்டதுண்டு. எங்கள் காரில் உள்ளது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். இந்த எண் எங்கிருந்து வந்தது? சிலிண்டரின் விட்டம் ஏறத்தாழ 73 மில்லி மீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் ஏறத்தாழ 89 மில்லி மீட்டர். உருளையின் கன அளவைக் கண்டு நான்கால் பெருக்கினால் விடை வந்துவிடும். பள்ளியில் படித்த சூத்திரமே போதும்.

பல்லாண்டு உழைப்பில் சிலிண்டர் சுவர் தேய்ந்துவிட்டால் எரியறைக்குள் எண்ணெய் புகுந்து நீலப்புகை கிளம்பும்; அழுத்தம் குறைந்து இழுவை போய்விடும். சுவரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. எங்கள் எஞ்சின் அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. எனவே அதே வகையைச் சேர்ந்த, பழுது பார்க்கப்பட்ட மற்றோர் எஞ்சினைத் தேடினோம். அதே வகையாயின், தாங்கிகளும் கியர் பெட்டியும் மாறாமல் பொருந்தும். முதன்முறை முயல்வோர்க்கு இதுவே நலம்.

வாங்குமுன் நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தத்தை அளந்து, அளவுகள் ஏறத்தாழ ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். எஞ்சின் எண் குறிக்கப்பட்ட ரசீது மிக முக்கியம். ஏனெனில் அந்த எண் பதிவுச் சான்றிதழில் ஏற வேண்டியது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைப் பற்றியது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன் அனுமதி பெற்ற பின்னரே நாங்கள் ஸ்பேனரைத் தொட்டோம்.

கழற்றுதல்

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை மாமா எனக்கு உபதேசித்த மந்திரம் இது: "மாப்ளே, கழட்டுறது பெரிசு இல்ல. திரும்ப மாட்டணுமே, அதை நெனச்சுக் கழட்டு."

பாட்டரி இணைப்பைத் துண்டித்தோம். ரேடியேட்டர் நீரையும் எஞ்சின் எண்ணெயையும் வடித்தோம். பானெட்டை எடுக்குமுன் கீல்கள் இருந்த இடத்தில் கோடு கிழித்துக்கொண்டோம். ரேடியேட்டர், கார்புரேட்டர், டைனமோ, புகைக்குழாய் இணைப்பு என ஒவ்வொன்றாக வெளிவந்தன. பெட்ரோல் குழாயின் வாயை அடைத்தோம். ஒவ்வொரு கம்பியிலும் எண் எழுதிய துணித்துண்டைக் கட்டினேன். திருகாணிகளைத் தனித்தனிப் பால்பவுடர் டப்பாக்களில் இட்டு, நோட்டுப் புத்தகத்தில் வரிசையாகக் குறித்தேன். இந்த எஞ்சினின் திருகாணிகள் அங்குல அளவைச் சேர்ந்தவை. மில்லி மீட்டர் ஸ்பேனரைப் போட்டால் அவற்றின் முனைகள் மழுங்கிவிடும்.

எஞ்சினின் எடை 150 கிலோவுக்கும் மேல். வாடகைக்கு எடுத்த இரும்பு முக்காலியில் செயின் பிளாக்கை மாட்டினோம். முக்காலியின் கால்கள் மண்ணில் புதையாதிருக்கப் பலகையும், அகன்று போகாதிருக்கச் சங்கிலியும் இட்டோம். கியர் பெட்டிக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, எஞ்சினை முன்புறமாக நேராக இழுத்து மேலே தூக்கினோம். தொங்கும் எஞ்சினின் கீழ் தலையையோ கையையோ நீட்டுதல் கூடவே கூடாது. ஒற்றைக் கையால் செயினை இழுத்து இவ்வளவு எடையைத் தூக்கியபோதுதான், "விசையில் லாபம், தூரத்தில் நட்டம்" என்ற வகுப்புப் பாடம் எனக்கு விளங்கியது. எஞ்சின் ஓர் அடி உயர, சங்கிலியைப் பல அடி இழுக்க வேண்டியிருந்தது!

பொருத்துதல்

அடுத்த ஞாயிறு புதிய எஞ்சின் இறங்கியது. இங்கே சிக்கலான இடம் கிளட்ச். கியர் பெட்டியிலிருந்து நீளும் தண்டு, கிளட்ச் தட்டின் நடுத்துளை வழியே சென்று, எஞ்சின் தண்டின் முனையிலுள்ள சிறு புஷ்ஷில் அமர வேண்டும். தட்டு சற்றே விலகி இருந்தாலும் எஞ்சின் உள்ளே போகாது. போகவில்லையே என்று திருகாணிகளை முறுக்கி இழுத்தால் தட்டு நாசமாகிவிடும். ஒரு பழைய கியர் தண்டைச் செருகித் தட்டை மையத்தில் நிறுத்திய பிறகே மாமா அதன் மூடியை இறுக்கினார். அதன்பின் எஞ்சின் தானாகவே வழுக்கிச் சென்று அமர்ந்தது.

முன்புறக் கைப்பிடியால் சுழற்றிப் பார்த்தோம், தடையின்றிச் சுழன்றது. எண்ணெய், நீர், பெட்ரோல் யாவும் சரி. டப்பாக்கள் அனைத்தும் காலி. பெருமிதத்தோடு ஸ்டார்ட்டரை இழுத்தேன். எஞ்சின் ஒரு முனகலோடு நின்றது. மறுபடியும் இழுத்தேன். சோக் கம்பியிலிருந்து புகை எழுந்தது! தந்தையார் பாய்ந்து பாட்டரி இணைப்பைப் பிடுங்கினார்.

மறந்துபோன பட்டை

நேர்ந்தது என்ன? எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஸ்டார்ட்டருக்குச் சென்ற மின்சாரம் பாட்டரிக்குத் திரும்ப, எஞ்சினையும் காரின் உடலையும் ஒரு தாமிரப் பின்னல் பட்டை இணைக்கிறது. அதனை நாங்கள் மாட்டவில்லை. வழியற்ற மின்சாரம் மெல்லிய சோக் கம்பி வழியே திரும்ப முயன்றது. நம் வீட்டு மின்விசிறிக்கு அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை; ஸ்டார்ட்டர் இழுப்பதோ நூறு ஆம்பியருக்கும் மேல். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பது ஜூல் விதி. அந்த விதியைத் தேர்வில் பிழையின்றி எழுதியவன் நான். முற்றத்தில் அது புகையாக எழுந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

டப்பாக்கள் காலியாக இருந்தும் பட்டை எப்படி விடுபட்டது? உடலோடு சேர்ந்த ஒரு முனையை மட்டும் அன்று கழற்றினோம். மறுமுனை பழைய எஞ்சினோடேயே போய்விட்டது. வேப்பமரத்தடியில் கிடந்த அந்த எஞ்சினில் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. முழுதாகக் கழன்றவற்றை மட்டுமே என் நோட்டில் எழுதியிருந்தேன். பாதி கழன்றதை எழுதவில்லை.

பட்டையை மாட்டி, கருகிய சோக் கம்பியையும் மாற்றினோம். இம்முறை தந்தையாரே ஸ்டார்ட்டரை இழுத்தார். நான்கு சிலிண்டர்களும் ஒரே சீராக இயங்கின. அவர் எதுவும் பேசவில்லை. இருக்கையை விட்டு இறங்கவுமில்லை. நெடுநேரம் அந்த ஓசையைக் கேட்டபடி அமர்ந்திருந்தார்.

முடிவுரை

150 கிலோ எஞ்சினைத் தூக்குவதே கடினம் என்று எண்ணியிருந்தேன். அதனைச் செயின் பிளாக் செய்து முடித்தது. ஒரு சாண் தாமிரப் பட்டைதான் எங்களைத் தோற்கடிக்கப் பார்த்தது. அன்புத் தோழர்களே, வீட்டில் இப்பணியை மேற்கொள்வீராயின், அனுபவம் வாய்ந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். பழைய எஞ்சினையும் புதிய எஞ்சினையும் அருகருகே வைத்து, முதலாவதில் உள்ளவை யாவும் இரண்டாவதிலும் உள்ளனவா என்று சரிபாருங்கள். பழையதை உடனே பழைய இரும்புக்கு அனுப்பிவிடாதீர்கள். எங்கள் தவறைக் காட்டிக் கொடுத்தது அதுதான்.