முதலீட்டுப் பட்டியலைக் கணினிக் கணக்கேட்டில் மொத்தமாக ஏற்றுதல்

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், தமிழகமும் கருநாடகமும் ஆந்திரத்தைத் தொடும் இடத்தில் அமைந்த ஊர் குப்பம். சென்னை–பெங்களூரு இருப்புப்பாதை ஊரின் வழியே செல்கிறது. வீடு குப்பத்திலும், பணி பெங்களூரிலும், உறவு கிருஷ்ணகிரியிலுமாக வாழும் குடும்பங்கள் அங்கு பல. அவர்களுடைய சேமிப்பும் அவ்வாறே மூன்று மாநிலங்களில் பரவிக் கிடப்பது இயல்பு. அத்தகைய குடும்பத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பழைய பங்குகள் சில, மகள் தொடங்கிக் கொடுத்த மாதாந்தரப் பரஸ்பர நிதி முதலீடுகள் சில, இரண்டு டீமேட் கணக்குகள் என அவரிடம் ஏறத்தாழ நாற்பது முதலீடுகள் உள்ளன. இதுவரை அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்தவர், இனி கணினியில் பேண விரும்புகிறார்.

நாற்பது பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யலாம். ஆனால் மாதந்தோறும் முதலீடு செய்த ஒரே ஒரு நிதியில் பத்தாண்டுகளில் நூற்றிருபது பதிவுகள் சேர்ந்திருக்கும். ஆகவே பட்டியலை ஒரு கோப்பாக ஆக்கி மொத்தமாக ஏற்றுவதே வழி. அதில் நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. தொடக்கத்தில் செய்யும் ஒரு பிழை நாற்பது இடங்களில் ஒரே நொடியில் பதிந்துவிடும் என்பதும் உண்மை. பின்னாளில் பங்கை விற்று வரிப் படிவம் நிரப்பும் நாளில்தான் அப்பிழை வெளிப்படும்.

பெயரன்று, குறியீடே அடையாளம்

முதலீட்டைப் பெயரால் அடையாளம் காண்பது நம் வழக்கம். கணினிக்கு அது போதாது. ஒரே பரஸ்பர நிதித் திட்டத்தில் நேரடி வகை, முகவர் வழி வகை, வளர்ச்சி வகை, ஈவுத்தொகை வகை எனப் பல கிளைகள் உண்டு. நேரடி வகை 2013 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு கிளைக்கும் நிகரச் சொத்து மதிப்பு வேறு. ஒன்றின் விலையை மற்றொன்றுக்குக் கொடுத்துவிட்டால் கணக்கு பார்வைக்குச் சரியாகவே தோன்றும். தொகை மட்டும் தவறாக இருக்கும்.

இக்குழப்பத்தைத் தீர்ப்பது ஐ.எஸ்.ஐ.என். எனப்படும் பன்னாட்டு அடையாள எண். எழுத்தும் இலக்கமும் கலந்த பன்னிரண்டு இடங்கள் கொண்டது. முதல் இரண்டு எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். இந்தியப் பத்திரங்களுக்கு அவை ‘ஐஎன்’. மூன்றாவது இடத்தில் ‘இ’ இருந்தால் நிறுவனப் பங்கு அல்லது கடன் பத்திரம். ‘எஃப்’ இருந்தால் பரஸ்பர நிதி அலகு. கடைசி இலக்கம், முன்னுள்ள பதினொன்றையும் ஒரு விதிப்படி கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு எண். கையால் எழுதும்போது ஓர் இலக்கம் பிறழ்ந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். இறக்குமதிக் கோப்பில் முதல் நிரலாக வைக்க வேண்டியது இந்த எண்ணையே. பெயர் நமக்காக, எண் கணினிக்காக.

எனினும் அந்த எண்ணும் என்றென்றும் மாறாதது அன்று. ஆசிரியர் 1993 திசம்பரில் வெளியான பாரத ஸ்டேட் வங்கிப் பொதுப் பங்கு வெளியீட்டில், பங்கு ஒன்று 100 ரூபாய் வீதம் 100 பங்குகள் வாங்கினார் எனக் கொள்வோம். 2014 நவம்பரில் அவ்வங்கி தன் பங்கின் முகமதிப்பை 10 ரூபாயிலிருந்து 1 ரூபாயாகப் பிரித்தது. அவருடைய 100 பங்குகள் 1,000 ஆயின. அடக்க விலை பங்குக்கு 10 ரூபாயாயிற்று. மொத்த அடக்கம் மாறாமல் 10,000 ரூபாயாகவே நின்றது. ஆனால் அடையாள எண் ‘ஐஎன்இ062ஏ01012’ என்பதிலிருந்து ‘ஐஎன்இ062ஏ01020’ ஆக மாறியது. பழைய நோட்டிலிருந்து ஒரு பதிவையும், இன்றைய அறிக்கையிலிருந்து ஒரு பதிவையும் எடுத்துக் கோப்பில் சேர்த்தால், மென்பொருள் இவற்றை இரு வேறு முதலீடுகளாகக் கொள்ளும். இல்லாத நூறு பங்குகள் கணக்கில் நிற்கும். புதிய எண்ணை மட்டும் ஏற்றினாலோ, 1,000 பங்குகளும் அடக்கமின்றி வந்தவையாகத் தோன்றும். முதலீடு ஒன்றுக்குக் கணக்கு ஒன்றே வைத்து, அதில் வாங்கிய நாளையும் விலையையும் பதிந்து, பிரிப்பு நாளில் 900 பங்குகளைக் கூட்டி, குறியீட்டைப் புதியதாக மாற்றி, பழைய எண்ணைக் குறிப்பில் எழுதி வைப்பதே முறை.

போனஸ் பங்கு இதனினும் வேறு. அதில் முகமதிப்பு மாறுவதில்லை. அடையாள எண்ணும் பொதுவாக மாறுவதில்லை. ஆனால் வருமான வரியில் போனஸ் பங்கின் அடக்கம் சுழியம். பிரிப்பில் செய்வதுபோல் பழைய அடக்கத்தைப் புதிய பங்குகளுக்கும் பகிர்ந்தளித்தால் கணக்கு தவறிவிடும். நிறுவனம் ஒரு பிரிவைத் தனி நிறுவனமாக்கும்போது பகிர்ந்தளிக்கத்தான் வேண்டும். 2025 சனவரியில் ஐ.டி.சி. நிறுவனம் தன் விடுதித் தொழிலைப் பிரித்து, பத்துப் பங்குக்கு ஒரு புதிய பங்கு கொடுத்தது இவ்வகை. எந்த விகிதத்தில் அடக்கத்தைப் பகிர்வது என்பதை நிறுவனமே தன் பங்குதாரர்களுக்கு அறிவிக்கும்; ஊகித்து எழுதக் கூடாது.

எந்த அறிக்கையிலிருந்து எடுப்பது

பங்கு வைப்பகங்களான என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். ஆகியவை ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்புகின்றன. பரிமாற்றம் நிகழ்ந்த மாதங்களில் அது வரும். இல்லையெனில் அரையாண்டுக்கு ஒருமுறை. இன்று நம்மிடம் என்ன இருக்கிறது என்பதற்கு அதுவே நம்பத்தக்க சான்று. ஆயினும் பங்குகளை என்று, என்ன விலைக்கு வாங்கினோம் என்பது அதில் இராது. பலர் அதையே ஏற்றிவிட்டு வேலை முடிந்ததாக எண்ணிவிடுகின்றனர்.

பரஸ்பர நிதிக்கு நல்வாய்ப்பாக இக்குறை இல்லை. கேம்ஸ், கேஃபின்டெக் ஆகிய பதிவாளர்களின் தளங்களில் விரிவான அறிக்கையைத் தொடக்க நாள் முதல் கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு தவணையின் நாள், தொகை, விலை, அலகு யாவும் அதில் உண்டு. பங்குகளுக்கு, தரகு நிறுவனத்தின் ஒப்பந்தச் சீட்டுகளையும் பழைய வங்கிக் கணக்குப் புத்தகங்களையும் தேட வேண்டியிருக்கும். ஆசிரியரின் நோட்டு இங்குதான் விலைமதிப்பற்றதாகிறது. கணினிக்கு மாறியபின் அதைப் பழைய தாள்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.

ஏற்றும் வரிசை

இலவசமாகக் கிடைக்கும் குனூகேஷ் போன்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நம் கணினியிலேயே இயங்குவதாலும், முதலீட்டு விவரம் வெளியே செல்லாததாலும் பலர் இதை விரும்புகின்றனர். இதில் முதலில் பத்திரங்களின் பட்டியல், பிறகு ஒவ்வொன்றுக்குமான கணக்கு, பிறகு பரிமாற்றங்கள், இறுதியாக விலைகள் என்னும் வரிசை முக்கியம். கணக்குகளையும் விலைகளையும் சி.எஸ்.வி. எனப்படும் எளிய அட்டவணைக் கோப்பிலிருந்து ஏற்றலாம். ஆனால் அக்கோப்பு சுட்டும் பத்திரம் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். இல்லையேல் வரி தள்ளப்படும்.

நாற்பது பத்திரங்களையும் ஒரே தடவையில் பதிய, கியூ.ஐ.எஃப். என்னும் பழைய கோப்பு வகை கைகொடுக்கும். எளிய எழுத்துக் கோப்பில், பத்திரப் பட்டியல் இது என அறிவிக்கும் தலைப்பு வரியின் கீழ், ‘என்’ என்று தொடங்கும் வரியில் பெயர், ‘எஸ்’ என்று தொடங்கும் வரியில் குறியீடு, ‘டி’ என்று தொடங்கும் வரியில் வகை ஆகியவற்றை எழுதி, ^ என்னும் குறியால் முடித்தால் ஒரு பத்திரம் நிறைவுறும். குறியீட்டு இடத்தில் அடையாள எண்ணை இடுக. மென்பொருள் ஒவ்வொன்றையும் காட்டி உறுதி கேட்கும்போது விரைந்து தட்டிச் செல்லாமல் படித்துப் பார்ப்பது நல்லது.

அலகின் பின்னம் பற்றி ஒரு சொல். பரஸ்பர நிதி அலகுகள் தசமத்துக்குப் பின் மூன்று இடம் வரை கணக்கிடப்படுகின்றன. பத்திரத்தின் அமைப்பில் குறைந்தது ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிரிக்க இடம் கொடுக்காவிட்டால், மென்பொருள் எஞ்சிய தசம இடங்களைச் சுருக்கிவிடும். நூற்றிருபது தவணைகளில் இப்பிழை கணிசமாகச் சேர்ந்துவிடும்.

மற்றொன்று, 25 காசு. 2020 சூலை 1 முதல் பரஸ்பர நிதியில் முதலீடு செய்யும்போது 0.005 விழுக்காடு முத்திரைத் தீர்வை பிடிக்கப்படுகிறது. 5,000 ரூபாய் செலுத்தினால் 4,999.75 ரூபாய்க்கே அலகு கிடைக்கும். அலகை விலையால் பெருக்கினால் 5,000 வருவதில்லையே எனத் திகைப்பவர்கள் உண்டு. காரணம் இதுதான். தொகை, விலை, அலகு ஆகிய மூன்றில் அறிக்கையிலுள்ள தொகையையும் அலகையும் அப்படியே எடுத்துக்கொண்டு, விலையை மென்பொருள் கணக்கிடும்படி விடுவது தொல்லையைக் குறைக்கும்.

கோப்பைத் தயாரிக்கும் விரிதாளில் நாள் வடிவத்தையும் கவனிக்க. 05-06-2019 என்பது நமக்குச் சூன் 5. அமெரிக்க முறையில் அமைந்த கணினிக்கு மே 6. 1,25,000 என நம் முறையில் இட்ட காற்புள்ளிகள், காற்புள்ளியால் நிரல் பிரிக்கும் கோப்பில் ஒரு தொகையை மூன்றாக உடைத்துவிடும். ஏற்றும் முன் அவற்றை நீக்குக. விலைகளுக்கு, பரஸ்பர நிதிகளின் சங்கமான ஆம்ஃபி தன் தளத்தில் எல்லாத் திட்டங்களின் நிகரச் சொத்து மதிப்பையும் ஒரே எழுத்துக் கோப்பாக நாள்தோறும் வெளியிடுகிறது. அதில் அடையாள எண்ணும் உண்டு. அது அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டது. இடையிடையே நிதி நிறுவனத் தலைப்புகளும் வரும் என்பதால் அவற்றைக் களைந்தபின்னரே பயன்படும்.

நாள் ஏன் முக்கியம்

வாங்கிய நாளைத் தவிர்த்து, மொத்தத் தொகையை ஒரே பதிவாக இட்டால் என்ன? இருப்பு சரியாகவே இருக்கும். வரி சரியாக இராது. பங்குகளையும் பங்கு சார்ந்த நிதிகளையும் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 சூலை 23 முதல், ஆண்டுக்கு 1,25,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு வரி. அதற்குள் விற்றால் 20 விழுக்காடு. மாதத் தவணையில் ஒவ்வொரு தவணைக்கும் இந்த 12 மாதம் தனித்தனியே ஓடுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் சார்ந்த நிதிகளுக்கு எத்தனை நாள் வைத்திருந்தாலும் வருமான அடுக்கின்படியே வரி. நாளற்ற பதிவில் இவற்றைப் பிரித்தறிய வழியில்லை.

2018 பிப்ரவரி 1க்கு முன் வாங்கிய பங்குகளுக்கு ஒரு சலுகை உண்டு. 2018 சனவரி 31 அன்றைய உயர்ந்த சந்தை விலையையும் விற்ற விலையையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதை எடுத்து, அது உண்மை அடக்கத்தைவிட மிகுதியாயின் அதையே அடக்கமாகக் கொள்ளலாம். அன்று முடிவில் நின்ற விலையன்று, அன்றைய உச்ச விலை என்பதை மறவற்க. அந்நாளின் விலையை விலைப் பட்டியலில் தனிப் பதிவாகச் சேர்த்துவிட்டால் பின்னர் தேடவேண்டியதில்லை. ஆசிரியரின் 1993ஆம் ஆண்டுப் பங்குகளுக்கு இது பெரும் வேறுபாட்டைத் தரும்.

டீமேட் கணக்கு இரண்டு இருந்தால் ஒரே பங்காயினும் இரண்டாகவே வைக்க. முதலில் வந்த பங்கே முதலில் விற்றதாகக் கொள்ளும் விதி ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனியே பொருந்துகிறது. ஒன்றாகக் கலந்துவிட்டால், மற்றக் கணக்கிலுள்ள பழைய பங்கை விற்றதாக மென்பொருள் தவறாக எண்ணும்.

அறிக்கையில் வராதவை

ஏற்றி முடித்தபின் ஒப்பிட வேண்டியது மதிப்பையன்று. விலை நாள்தோறும் மாறும். ஆகவே பங்கு எண்ணிக்கையையும், மூன்று தசமம் வரை அலகுகளையும் வைப்பக அறிக்கையோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுக. நோட்டில் இருந்து அறிக்கையில் இல்லாத முதலீடு ஒன்று எஞ்சுமானால், எல்லையோர ஊர்களில் அதற்கான காரணம் பெரும்பாலும் பெயர். தெலுங்கு வழக்கில் வீட்டுப் பெயர் முன்னே நிற்கும். தமிழ் வழக்கில் தந்தையின் முதலெழுத்து நிற்கும். ஒரே மனிதர் ஓர் ஆவணத்தில் முதலெழுத்தோடும், பான் அட்டையில் அதன் விரிவோடும், பழைய பங்குச் சான்றிதழில் வீட்டுப் பெயரோடும் இருப்பார். ஒருங்கிணைந்த அறிக்கை பான் எண்ணின் அடிப்படையிலும், கூட்டுக் கணக்கில் உரிமையாளர்களின் வரிசையைப் பொறுத்தும் அமைவது. பான் பதிவாகாத பழைய கணக்கு அதில் இடம்பெறாது. மனைவி பெயர் முதலாவதாக உள்ள கூட்டுக் கணக்கு வேறு அறிக்கையில் வரும்.

காகிதச் சான்றிதழாகவே இருக்கும் பங்குகளும் அங்கு இரா. 2019 ஏப்ரல் முதல் அவற்றை டீமேட் வடிவுக்கு மாற்றாமல் பிறருக்கு விற்க இயலாது. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை பெறப்படாத பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படுகின்றன. அங்கிருந்து உரிமை கோரி மீட்கலாம். ஆனால் பெயர் பொருந்தாத நிலையில் அதற்குக் கூடுதல் ஆவணங்கள் தேவைப்படும். எனவே நோட்டில் எஞ்சிய வரிகளை நீக்கிவிடாமல், மென்பொருளில் ‘சரிபார்க்க வேண்டியவை’ என ஒரு கணக்கைத் திறந்து அதில் வைத்து, பெயர் திருத்தத்துக்கும் பான் இணைப்புக்கும் உரிய பதிவாளரிடம் விண்ணப்பிக்க.

முதல் முறை ஏற்றும்போது உண்மையான கணக்கேட்டில் ஏற்றாமல் அதன் நகல் ஒன்றில் மூன்று பத்திரங்களை மட்டும் ஏற்றிப் பார்க்க. பிரிப்பு நிகழ்ந்த பங்கு ஒன்று, மாதத் தவணை நிதி ஒன்று, போனஸ் வந்த பங்கு ஒன்று என அவை இருப்பது நன்று. அம்மூன்றும் அறிக்கையோடு பொருந்தியபின் மீதமுள்ளவற்றை ஏற்றலாம். வைப்பக அறிக்கையைத் திறக்கும் கடவுச்சொல் நம் பான் எண்ணே. ஆகையால் கணக்கைச் சீர்செய்து தருவதாகக் கூறும் முன்பின் அறியாதவருக்கு அக்கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டாம்.